பாட்டிலுக்கு விபூதி

3 மார்ச் 2025, திங்கள்

கடைக்குள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, முதலாளி ஜெயலெட்சுமி அக்கா கல்லாவிலிருந்தே கூவினார். "என்ன பிரமிளா, வீட்டுக்காரர் மாடல் ஆயிட்டாராமே! சொல்லவே இல்ல லா நீ!"

இவரா மாடல்? கண்ணாடி முன்னால் நின்று தலை சீவவே சோம்பல்படுகிற ஆள். சிரித்துக்கொண்டேதான் அக்கா ஃபோனை வாங்கினேன்.

இவரேதான். போன மாதத் தைப்பூசம். தோளில் காவடி, நாக்கில் அலகு, மார்பெல்லாம் சந்தனம். ஏதோ ஒரு தண்ணீர் பந்தலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் கெண்டைக்காலில் எண்ணெய் தேய்க்கிறாள். ஒருத்தன் ஒரு பாட்டிலை நீட்டுகிறான். இவர் விபூதியை எடுத்து அந்தப் பாட்டிலின் மேல் பூசுகிறார். பூசிவிட்டு, கையை உயர்த்தி ஆசி வேறு! மேலே மஞ்சள் எழுத்து: "காவடி வீரர் ஆசி வழங்கிய தைலவேல் ரிலீஃப் ஆயில்." அதோடு விட்டானா? ஓர் ஆண் குரல் பேசுகிறது. "நான் தைலவேல் தடவித்தான் அலகு குத்திக்கிட்டேன். வலியே தெரியல."

நாக்கில் வேல் குத்தியிருக்கிற மனிதர் பேசுகிறாராம்! யாருடைய குரல் அது? எந்தப் பாவியின் குரல்?

நானும் இந்தத் தொழிலில் சோறு தின்கிறவள்தான். குயின் ஸ்ட்ரீட்டில் இந்தப் புடவைக் கடைக்குத் தினம் ஃபேஸ்புக் லைவ் போடுகிறவள். எது தானாகப் பரவியது, எதைக் காசு கட்டிப் பரப்பியிருக்கிறான் என்று பார்த்தவுடன் தெரியும். இது காசு கட்டியது. விரதம் இருந்து, தரையில் படுத்து, ஒரு வேளை சாப்பிட்டு இவர் எடுத்த காவடி, எவனோ எண்ணெய் விற்பதற்கு.

மாலை

இவர் மாக் மண்டின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு, கடல் பாலம் தாண்டி, கெலுகோர் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எனக்குத் தலை வெடித்துவிட்டது. காட்டினேன். பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

"லேபிளைப் படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். "என்ன பாட்டில், யாரு குடுக்குறான்னு ஒண்ணும் பாக்காமயா கையை வைப்பீங்க?"

"மருந்து பாட்டில்னு நெனச்சேன் பிரமி" என்றார். குளிக்கப் போய்விட்டார். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

4 மார்ச், செவ்வாய்

மறுபடி பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஒரு கை விபூதித் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பச்சைக் கண்ணாடி வளையல். என் கை.

9 மார்ச், ஞாயிறு

மருந்து பாட்டில் என்று இவர் சொன்னது இன்றுதான் எனக்கு உறைத்தது. மகள் ஷர்மினி பள்ளிக்கூடத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தைப் பார்த்தபோது.

அவளுக்கு ஏழு வயதில் சிறுநீரகம் கெட்டு, முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். அந்த வருஷம் தைப்பூசத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயில் ரோட்டில் நின்றோம். காவடி எடுத்து வந்த யாரோ ஒருவர். பெயர்கூடத் தெரியாது. அவரிடம் இவர் பிள்ளையின் மருந்து பாட்டிலை நீட்டினார். அந்த மனிதர் ஒன்றும் பார்க்கவில்லை. பாட்டிலில் விபூதி பூசினார், பிள்ளை நெற்றியில் பூசினார், போய்விட்டார். அங்கேயே நின்றபடிதான் இவர் வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்து நடந்தால் மூன்று வருஷம் காவடி.

பிள்ளை எழுந்து நடந்தாள். இரண்டு வருஷம் எடுத்தாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி.

பந்தலில் ஒருத்தன் பாட்டிலை நீட்டியதும் இவருக்கு என்ன தோன்றியிருக்கும்? யார் வீட்டிலோ நோயாளி. அவ்வளவுதான். அந்த நினைப்பைத் திருடி விளம்பரம் ஆக்கியிருக்கிறான்! இதை யாரிடம் போய்ச் சொல்வது?

15 மார்ச், சனி

நம் ஊரில் எது நடந்தாலும் முதல் கேள்வி "ரிப்போட் போட்டாச்சா?" சைக்கிள் காணாமல் போனாலும் ரிப்போட், மாமியார் திட்டினாலும் ரிப்போட். நானும் போட்டேன். போலீஸ்காரர் பொறுமையாக எழுதிக்கொண்டார், இது லாயரிடம் போகவேண்டிய சங்கதி என்று சொல்லி அனுப்பினார்.

லாயர் ஷாஹிரா. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் காசு மாற்றும் கடைக்கு மேல்மாடி. எங்கள் கடையில் துணி எடுக்கிறவள், என்னைவிடச் சின்னவள். நோன்பு மாதம், உதடெல்லாம் காய்ந்திருந்தது. வீடியோவை முழுசாகப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லிடுறேன் கா. என் முகம் என்னோடது, எவனும் தொடக்கூடாதுன்னு ஒரே வரியில சொல்ற சட்டம் நம்ம நாட்டுல கிடையாது. பொது ரோட்டுல எடுத்த படம். எடுத்தவனுக்குத்தான் அது சொந்தம்."

"படம் அவனுக்குச் சொந்தம். படத்துல இருக்கிற மனுஷன்?"

எழுந்துவிட்டேன். இதைக் கேட்கவா மாடி ஏறி வந்தேன்?

"உக்காருங்க கா. முகத்தை விடுங்க, வேற வழி இருக்கு. அவரு பேசாததைப் பேசின மாதிரி போட்டிருக்கான், அது பொய். வலி போகும்னு விளம்பரம் பண்ணணும்னா அனுமதி எண் வாங்கணும், இதுல எங்கயும் காணோம். எல்லாத்துக்கும் மேல, ஒருத்தரோட சாமி நம்பிக்கைய வியாபாரத்துக்கு எடுக்கணும்னா அவரு வெளிப்படையா சம்மதம் சொல்லியிருக்கணும். அதைத்தான் நான் பிடிக்கப் போறேன்." தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், ஞாபகம் வந்து கீழே வைத்தாள். "நான் நோன்பு இருக்கேன். இதைப் படம் எடுத்து ஒருத்தன் பிஸ்கட் வித்தா சும்மா விடுவேனா?"

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

வீட்டில் இவர் சொன்னது: "எதுக்குப் பிரமி கேசு கீசுன்னு? முருகன் பாத்துக்குவான்." முருகன் பார்த்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்றேனா? லாயர் நோட்டீசில் முருகனா வந்து கையெழுத்துப் போடுவான்? ஒருவழியாக இவர்தான் போட்டார்.

10 ஏப்ரல், வியாழன்

தைலவேல் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஆங்கிலத்தில். ஷாஹிரா ஃபோனில் தமிழில் சொன்னாள். இவர் "தாமாகவே முன்வந்து" அவர்கள் பொருளுக்கு ஆசி வழங்கினாராம். "அவருடைய செயலே அவருடைய சம்மதம்" என்றும் எழுதியிருக்கிறார்களாம்.



14 ஏப்ரல், திங்கள். சித்திரைப் புத்தாண்டு

நல்ல நாளும் அதுவுமாக அய்யாக்கண்ணு அண்ணன் வந்தார். இவருடைய காவடிக் குழுவுக்குத் தலைவர். இவருக்கு அலகு குத்துவதும் அவர் கைதான். பாயசம் கொடுத்தேன். கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி சிவநேசா, ஒம்மேல எனக்குச் சந்தேகம் கெடையாது. ஆனா பசங்க பேசுறானுங்க. எவ்வளவு வாங்கினான்னு கேக்குறானுங்க. எண்ணெய் தடவித்தான் அலகு குத்துறீங்களான்னு வெளியாளுங்க என்னையவே கேக்குறாங்கப்பா. வர்ற வருஷம் நீ தனியா எடுத்துக்க. குழுவோட வேணாம்."

நெருப்பில்லாமல் புகையாது என்று நினைக்கிறார்கள். இந்தக் காலத்தில் நெருப்பே வேண்டாம், காசு கட்டினால் புகையை மட்டும் ஊர் முழுக்க விடலாம். அந்த வேலை எனக்குத் தெரியும். அண்ணனுக்கு எப்படி விளக்குவது? ஐந்து பைசா வாங்கவில்லை என்று கத்தினேன். இவர் என்னை அடக்கினார். என்னை!

அண்ணன் போன பிறகு இவர் சொன்னார். "மூணாவது வருஷம் எடுக்கல பிரமி. ஊரு சிரிக்க எடுக்கிறதுக்கு எடுக்காமயே இருக்கலாம்."

பிள்ளைக்காக வேண்டிக்கொண்டதைப் பாதியில் விடுவதா? எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் கோபம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன், அடியில் கிடப்பது இந்தப் பயம்தான்.

22 மே, வியாழன்

கிடங்கில் மலாய்க்காரப் பையன்கள் இவருக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். ஓராங் மிஞாக். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு வரும் பேய், அவர்கள் கதைகளில். விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள் என்று இவரே சிரித்தபடி சொன்னார். சிரித்துவிட்டு இரண்டாவது முறை சோறு வாங்காமல் எழுந்துவிட்டார்.

17 ஜூன், செவ்வாய்

போகக்கூடாது என்று ஷாஹிரா சொல்லியிருந்தாள். போனேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பெரிப் படகு ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, மாக் மண்டினுக்கு. இவர் வேலை செய்கிற கிடங்குக்கு இரண்டு தெரு தள்ளித்தான் தைலவேல் ஆபீஸ். தினமும் அந்த வாசல் வழியாகத்தான் இவர் போய் வந்திருக்கிறார், எனக்குச் சொல்லவே இல்லை.

மாடி ஏறினால் சுவர் முழுக்க இவருடைய நிழலுருவம். காவடியோடு. கீழே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் அதே உருவம். முகம் இல்லை, ஆனால் அந்தத் தோள் சாய்ப்பு எனக்குத் தெரியாதா? ஷர்மினியை அந்தத் தோளில்தானே தூக்கித் திரிந்தார்?

முதலாளி சுகுமாரன். முப்பது வயது இருக்கும். பார்த்ததும் தெரிந்தது, பந்தலில் பாட்டிலை நீட்டியவன் இவனேதான்.

"வாங்க வாங்க அக்கா! அண்ணனாலதான் கா நம்ம பிராண்டு எங்கயோ போயிருச்சு. லாயரு கீயரு எதுக்கு? அண்ணனை பிராண்ட் அம்பாசடரா போட்டுடுறேன்."

"அவரு பேசாததை எப்படிடா பேச வச்சே?"

"அது எடிட்டிங் கா. கம்ப்யூட்டர் குரல். மார்க்கெட்டிங்ல எல்லாரும் பண்றதுதான் லா."

"எல்லாரும் பண்றதா? நானும் லைவ் போடுறவதான். நைலானைப் பட்டுன்னு சொல்லி வித்தது கெடையாது."

அவன் முகம் மாறியது. "விபூதி பூசினது யாரு கா? நானா அண்ணன் கையைப் பிடிச்சுப் பூசினேன்? எங்கப்பாவும் காவடி எடுத்தவருதான். தொழில் நல்லா வரணும்னு மனசாரக் கும்பிட்டுத்தான் அன்னிக்கு நீட்டினேன். அது பொய்யில்ல."

பொய்யில்லை என்றுதான் தோன்றியது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கும்பிட்டு வாங்கியதை, அதே வாரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, குரல் வைத்து விற்றிருக்கிறானே!

"கும்பிட்டவன் வித்திருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு ஒரு பெட்டியை எடுத்து எறிந்தேன். அவன் மேல் இல்லை, சுவரில். காலிப் பெட்டிதான்.

18 ஜூன்

ஷாஹிரா ஃபோனில் காய்ச்சி எடுத்தாள். "பெட்டிய எறிஞ்சீங்களா? அதை அவன் படம் எடுத்திருந்தா என்ன கா பண்ணுவீங்க? இனிமே அந்தப் பக்கம் போனீங்கன்னா நான் கேஸை விட்டுடுவேன்." சரி என்றேன்.

எறிந்ததற்கு வருத்தமில்லை.

3 செப்டம்பர், புதன்

அனுமதி எண் இல்லாத மருந்து விளம்பரம் என்று ஷாஹிரா எழுதிய புகாருக்குப் பலன். சுகாதார இலாகாவிலிருந்து கேள்வி கேட்டு வந்ததும் சுகுமாரன் வீடியோவை எடுத்துவிட்டான்.

எடுத்து என்ன? வாட்சப் குழுக்களில் சுற்றுகிறது. ஈப்போவிலிருந்து என் சித்தி மகள் இன்றைக்கு அனுப்புகிறாள், "அத்தான் சூப்பர்" என்று கைதட்டல் படத்தோடு. கொட்டிய எண்ணெயை எந்தத் துணியால் துடைத்தாலும் பிசுக்கு நிற்கத்தான் செய்யும்.

13 அக்டோபர், திங்கள்



மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஷாஹிரா சுகுமாரனுக்கு இரண்டாவது கடிதம் போட்டிருந்தாள். கேட்டுவிட்டான். வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதி, பின்னால் குத்துவிளக்கு. "சொந்தங்களே, ஒரு காவடி அண்ணன் மனசை நோகடிச்சிட்டேன்" என்று கண்ணில் தண்ணீர். அழகான லைட்டிங். எனக்குத் தெரியும், மூன்று தடவையாவது எடுத்திருப்பான். கீழே என்ன எழுதியிருக்கிறது? "தீபாவளி சலுகை. மன்னிப்பு என்று டைப் செய்தால் பத்து சதவிகிதம் தள்ளுபடி."

தள்ளுபடி!

முதல் வீடியோவைவிட இது அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள். "பெரிய மனசு பாஸ்" என்று கமெண்ட். "அந்தக் காவடிக்காரன் காசு கேட்டு மிரட்டியிருப்பான்" என்றும் ஒருத்தன். பதினேழு தடவை பதில் டைப் செய்தேன், எல்லாவற்றையும் அழித்தேன். நான் ஒரு வார்த்தை போட்டால் அதுவும் அவன் விளம்பரத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றும். என் தொழிலே என் வாயை அடைத்துவிட்டது.

இவர் பார்த்தார். "விட்டுடு பிரமி" என்று சொல்லவில்லை இந்தத் தடவை. "அவனை நேர்ல வரச் சொல்லு. ஃபோன் இல்லாம" என்றார்.

27 நவம்பர், வியாழன்

ஷாஹிரா ஆபீசில் இரண்டு தரப்பும். சுகுமாரன் தன் லாயரோடு வந்திருந்தான், ஒரு ஹேம்பர் பரிசுக் கூடையைத் தூக்கிக்கொண்டு. அதை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னேன்.

அவன் லாயர் பழைய பல்லவியைத் தொடங்கினார். தாமாகவே ஆசி வழங்கினார், செயலே சம்மதம், அப்படி இப்படி. ஷாஹிரா வீடியோவை ஓடவிட்டு, இவர் முகத்தில் நிறுத்தினாள். நாக்கில் வெள்ளி வேல் பளபளக்கிறது.

"வெளிப்படையா சம்மதம் சொல்லியிருக்கணும்னு சட்டம் சொல்லுது. சொன்னாருங்கிறீங்க. எந்த வாயால சொன்னாரு? அலகு குத்தினா மலை மேல ஏறி இறக்குற வரைக்கும் மௌனம். ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. பேசவே முடியாத ஆள்கிட்ட சம்மதம் வாங்கினேன்னு கோர்ட்ல போய்ச் சொல்லுவீங்களா?"

அவன் லாயர் பேனாவை மூடி வைத்தார். சுகுமாரன் தரையைப் பார்த்தான்.  அப்போதுதான் இவர் பேசினார்.

"தம்பி, ஒங்க வீட்டுல யாருக்கோ சீக்குன்னு நெனச்சுத்தான் பூசினேன். எறங்கி வந்தப்புறமும் ஒனக்காக வேண்டிக்கிட்டேன்."

அவன் அழுதான். லைட்டிங் இல்லாமல். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்றே எழுதி வைக்கிறேன்.

எழுதிக் கையெழுத்தானது: எல்லாப் படத்தையும் எடுத்துவிட வேண்டும், பெட்டியில் இருக்கிற நிழலுருவத்தையும் சேர்த்து. இவருடைய குழுவின் முன்னால் நேரில் வந்து சொல்ல வேண்டும். இழப்பீடு என்று ஏதோ தொகை சொன்னார்கள். இவர் வேண்டாம் என்றார். வாங்கினால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும். ஷாஹிரா ஃபீசை மட்டும் அவன் கட்டட்டும் என்று நான் சொன்னேன்.

14 டிசம்பர், ஞாயிறு

அய்யாக்கண்ணு அண்ணன் வீட்டுக் கூடத்தில் குழு முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் ஒரு பெரிய தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன். "ஃபோனை வைங்க." முணுமுணுத்தார்கள். "அண்ணே, நீங்களும்." அவரும் வைத்தார். தாம்பாளத்தைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

சுகுமாரன் எழுந்து நின்றான். ஃபோன் இல்லாமல் அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அண்ணன் என்கிட்ட ஒரு காசு வாங்கல. அவரு பேசல. குரல் நான் போட்டது. எண்ணெய் தடவி அலகு குத்தினாருன்னு சொன்னதும் நான் சொன்ன பொய்."

அவ்வளவுதான். பார்க்க ஆயிரம் பேர் இல்லை, ஒரு கூடம்தான் இருந்தது. ஆனால் இவருக்கு வேண்டியது அந்தக் கூடம்தான்.

அண்ணன் எழுந்து வந்து இவர் தோளில் கை வைத்தார். "நாளைக்கு வெரதம் ஆரம்பம் தம்பி. காலையில கோயிலுக்கு வந்து மாலை போட்டுக்க."

வரும்வழியில் இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஷர்மினிக்கு அப்பம் வாங்கினார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

2 பிப்ரவரி 2026, திங்கள்

நேற்று தைப்பூசம். உடம்பெல்லாம் வலி, ஆனால் இன்றே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது காவடி. அண்ணன்தான் அலகு குத்தினார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. உறுமி மேளம், வெயில், ரோடெல்லாம் தேங்காய்ச் சில்லு. ஷர்மினி பால்குடம் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள், முழுத் தூரமும், ஒரு இடத்திலும் உட்காராமல். நான் விபூதித் தட்டோடு இவர் பக்கத்தில்.

ஆசி வாங்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மூன்றாவது நான்காவது ஆளிலேயே கவனித்துவிட்டேன். இவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வருகிறவர்களின் கையை முதலில் பார்க்கிறார். கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விபூதியைத் தொடுகிறார்.

மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் பிள்ளை. முகம் வீங்கி, கண் சின்னதாகி... அந்த முகம் எனக்குத் தெரியும். அவள் ஒரு பாட்டிலை நீட்டினாள்.

இவர் கை நின்றுவிட்டது. பிறகு பாட்டிலை வாங்கினார். திருப்பினார். காவடி ஆடுகிறது, வியர்வை கண்ணில் இறங்குகிறது, நாக்கில் வேலோடு அந்தச் சின்ன எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படிக்கிறார். பிள்ளையின் பெயர், எத்தனை மில்லி, எத்தனை வேளை. பின்னால் மேளக்காரர்கள் என்னவென்று புரியாமல் நிறுத்திவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரி மருந்துதாண்ணே" என்றாள் அவள். "பிள்ளைக்குத்தாண்ணே." என்னைப் பார்த்தாள். என் வாயில் அலகு இல்லை, ஆனாலும் ஒரு வார்த்தை வரவில்லை. லேபிளைப் படிக்கத் தெரியாதா என்று கத்தியவள் நான்தானே.

கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் பூசினார். பாட்டிலில், பிறகு பிள்ளையின் நெற்றியில்.

அந்தப் பெண் பாட்டிலை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

அவள் எதற்கு மன்னிப்புக் கேட்டாள்?